‘இங்கே திருத்த முடியாது’ என்று சொன்ன பிறகு

சென்ற ஆண்டு புரட்டாதிச் சனிக்கிழமையொன்றில், பேர்மிங்ஹாமுக்கு அருகே ரிவிடேலில் உள்ள பாலாஜி கோவிலுக்குப் போய்விட்டு, நானும் மனைவியும் மகளும் எழுபத்தெட்டு வயதான அம்மாவும் லண்டன் ஹரோவிலுள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். எம்40 மோட்டர்வேயில் வோரிக் சேவை நிலையத்தைக் கடந்து, பான்பரி வெளிவழிக்குச் சில மைல்கள் இருந்தபோது, காரின் வெப்பநிலை காட்டும் முள் சிவப்புக் கோட்டை நோக்கி ஏறியது. ஓரப்பாதையில் நிறுத்தி, எல்லோரும் இடப்பக்கக் கதவுகளால் இறங்கி, தடுப்புக்கு அப்பாலுள்ள புல்சரிவில் ஏறி நின்றோம். பட்டுச் சேலைக்கு மேல் என் குளிர்ச்சட்டையைப் போர்த்திக்கொண்டு அம்மா அர்ச்சனைத் தட்டைக் கையில் பிடித்தபடி நின்ற காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது.

வழியில் கார் பழுதாகி நின்றால் உதவிக்கு ஆள் அனுப்பும் பிரேக்டவுன் கவர் என்னிடம் இருந்தது. கார் காப்புறுதியை இணையத்தில் வாங்கியபோது, கடைசிப் பக்கத்தில் 28 பவுணுக்கு அதையும் சேர்க்கலாம் என்று காட்டிய பெட்டியில் சரி என்று அடையாளமிட்டிருந்தேன். அழைத்து எழுபது நிமிடங்களில் ஆள் வந்துவிட்டார். சனிக்கிழமை மாலைக்கு அது மோசமான நேரமென்று சொல்லமாட்டேன். வந்தவர் பண்பானவர், தொழில் தெரிந்தவர். நீரேற்றி கசிகிறது, தெருவோரத்தில் இதைத் திருத்த முடியாது என்று ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துச் சொன்னார். அதற்குப் பிறகுதான் நான் எதை வாங்கியிருந்தேன் என்பது எனக்கே தெரியவந்தது. என் ஒப்பந்தத்தின்படி காரை 10 மைல் தூரத்துக்குள் உள்ள ஒரு கராஜுக்கு இழுத்துச்செல்வதோடு அவர்களின் கடமை முடிந்துவிடும். கராஜோ திங்கட்கிழமை காலைதான் திறக்கும். ஹரோ அங்கிருந்து 60 மைலுக்கு மேல்.

“தம்பி, இவையள் எங்களை வீட்டை கொண்டுபோய் விடமாட்டினமோ?” என்று அம்மா கேட்டார். விடுவார்கள், மேலதிகமாக 230 பவுண் கட்டினால். கட்டினேன். இழுவை வண்டியின் முன்பகுதியில் இருவருக்குத்தான் இடமிருந்தபடியால் அம்மாவும் நானும் அதில் வர, மனைவியும் மகளும் பான்பரிவரை டாக்சியில் போய் மெரிலபோனுக்கு ரயில் பிடித்தார்கள். 28 பவுண் கவர் அன்றிரவு 300 பவுணைத் தாண்டியது.

இதை அந்த நிறுவனத்தின் மீதான குற்றச்சாட்டாக எழுதவில்லை. முறைப்பாடு எழுதிப் பார்த்தேன். ஒப்பந்தத்தில் சொன்னதைச் செய்தோம் என்று பதில் வந்தது, அது உண்மையும்கூட. தவறு நான் வாங்கிய முறையில் இருந்தது. ஆகவே இம்முறை வாங்குவதற்கு முன் ஒரு மாதம் வெவ்வேறு நிறுவனங்களின் ஒப்பந்த ஆவணங்களை வாசித்தேன். பிரித்தானியாவில் கார் வைத்திருக்கும் எம்மவர் பலர் என்னைப்போலவே ‘கவர் இருக்கிறது’ என்ற நிம்மதியில் ஓடிக்கொண்டிருப்பதை அறிவேன் என்பதால், கண்டதைக் குறித்துவைக்கிறேன்.

முதலில் ஓர் அடிப்படை. சாதாரணக் கார் காப்புறுதி, அது முழுக் காப்புறுதியாக இருந்தாலும், விபத்து, களவு, தீ போன்றவற்றுக்கானது. இயந்திரம் தானாகப் பழுதாகி நின்றால் அது உதவாது. பிரேக்டவுன் கவர் தனியான ஒரு பொருள். அதிலும் படிகள் உண்டு. ஆகக் கீழ்ப்படி, தெருவோர உதவி: வீட்டிலிருந்து ஒரு குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால் நின்றால் வந்து பார்ப்பார்கள், முடிந்தால் திருத்துவார்கள், முடியாவிட்டால் அருகிலுள்ள கராஜுக்கு இழுப்பார்கள். அந்தக் குறிப்பிட்ட தூரம் பெரும்பாலும் கால் மைல், சில ஒப்பந்தங்களில் ஒரு மைல். தை மாதக் குளிரில் வீட்டு வாசலிலேயே பற்றறி இறந்துகிடந்தால் இந்தப் படி பயன்படாது. அதற்கு வீட்டு உதவி என்ற அடுத்த படி வேண்டும். இந்நாட்டில் உதவி கேட்டு வரும் அழைப்புகளில் பற்றறிக்கும் ரயருக்கும்தான் முதலிடம் என்பதையும், பற்றறி பெரும்பாலும் இரவு முழுவதும் நின்ற இடத்தில்தான் இறக்கும் என்பதையும் சேர்த்து நினைத்தால், வீட்டு உதவியை வெட்டிச் சேமிக்கும் சில பவுண்கள் வீண் சிக்கனம் என்பது விளங்கும். அதற்கு மேலே நாடளாவிய மீட்பு வருகிறது: பிரித்தானியாவுக்குள் நீங்கள் சொல்லும் ஓர் இடத்துக்கு, தூரக் கணக்கின்றிக் காரையும் ஆட்களையும் கொண்டுசெல்வார்கள். அதற்கும் மேலே பயணத் தொடர்ச்சி: மாற்றுக் கார், ரயில் செலவு, ஒரு இரவு விடுதி ஆகியவற்றில் ஏதாவதொன்று.

விளம்பரங்கள் எல்லாம் எத்தனை நிமிடத்தில் வருவார்கள், பத்தில் எத்தனை கார்களைத் தெருவோரத்திலேயே திருத்துவார்கள் என்பதையே பேசுகின்றன. அவை முக்கியமில்லை என்று சொல்லவில்லை. ஆனால் திருத்திவிட்டால் எந்த நிறுவனமும் நல்ல நிறுவனமாகத்தான் தோன்றும். ‘இங்கே திருத்த முடியாது’ என்ற வசனத்துக்குப் பிறகு என்ன நடக்கும் என்பதே நான் இப்போது கேட்கும் முதற் கேள்வி. காரை எங்கே கொண்டுபோவார்கள், எத்தனை மைலுக்கு, இடத்தைத் தெரிவுசெய்வது நானா அவர்களா, காரிலிருந்த எல்லோரையும் ஏற்றுவார்களா, கராஜ் மூடியிருந்தால் மறுபடியும் இழுப்பதற்கு யார் காசு கொடுப்பது? இவற்றுக்கு ஆவணத்தில் தெளிவான விடை இருக்கிற கவரை ஒரு குவியலாகவும் இல்லாததை இன்னொரு குவியலாகவும் பிரித்தபோது, விலை பார்க்கத் தேவையில்லாமலே பாதி கழிந்துவிட்டது.

இதற்கு நாற்பது பக்க ஒப்பந்தத்தை முழுதாக வாசிக்க வேண்டியதில்லை என்பது நல்ல செய்தி. 2018 ஒக்ரோபர் தொடக்கம், காப்புறுதி விற்பவர்கள் சுருக்கத் தகவல் ஆவணம் ஒன்றைத் தரவேண்டும். எது அடங்கும் என்பது பச்சைச் சரி அடையாளத்துடனும், எது அடங்காது என்பது சிவப்புப் பெருக்கல் அடையாளத்துடனும், எங்கே வரம்பு உண்டு என்பது செம்மஞ்சள் ஆச்சரியக்குறியுடனும் இருக்கும். என் அனுபவத்தில் பச்சையை வாசிப்பதால் பெரிய பயனில்லை, அது எல்லா நிறுவனத்துக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். செம்மஞ்சள் பகுதியில்தான் விஷயம் இருக்கிறது. எனது பழைய ஒப்பந்தத்தின் 10 மைல் அங்கேதான், யாரும் மறைக்காமல், இருந்தது.

அடுத்தது, கவர் காருக்கா ஆளுக்கா என்பது. வாகனத்துக்கான கவர் என்றால் பதிவிலக்கத்தில் உள்ள அந்தக் காருக்கு மட்டும், யார் ஓட்டினாலும் செல்லும். ஆளுக்கான கவர் என்றால் அவர் ஓட்டும் எந்தக் காருக்கும், பெரும்பாலான ஒப்பந்தங்களில் அவர் பயணியாக இருக்கும் காருக்கும்கூடச் செல்லும். ஒரே காரைக் கணவனும் மனைவியும் மகனும் மாறிமாறி ஓட்டும் வீட்டுக்கு முதலாவது போதும். எங்கள் வீட்டில் இரண்டு கார்கள், அவற்றோடு அத்தானின் காரிலும் நண்பர்களின் காரிலும் கோவில், கலியாணம், செத்தவீடு என்று ஓடும் பழக்கம். எனவே எனக்கும் மனைவிக்கும் சேர்த்து ஆளுக்கான கவர் எடுத்தது இரண்டு வாகனக் கவர்களைவிட மலிவாகவே வந்தது. மகள் பல்கலைக்கழகத்துக்குக் காரோடு போகும்போது அவளுக்குத் தனியாகப் பார்க்க வேண்டும்.

யார் வந்து உதவுகிறார்கள் என்பதில் மூன்று வகைகள் உண்டு. முதல் வகை, சொந்தமாக வண்டிகளும் சீருடைத் திருத்துநர்களும் வைத்திருக்கும் நிறுவனங்கள். அவற்றில் மஞ்சள் வண்டிகளின் ஏஏ 1905இல் தொடங்கியது. அக்காலத்தில் வேகக் கட்டுப்பாட்டை மீறுபவர்களைப் பிடிக்கப் பொலிஸார் ஒளிந்திருக்கும் இடங்களைச் சைக்கிள் ஆட்களை வைத்து உறுப்பினர்களுக்கு எச்சரிப்பதுதான் அதன் தொழிலாக இருந்தது என்பது இன்றைக்கு நினைத்தால் சிரிப்பை வரவழைக்கிறது. செம்மஞ்சள் வண்டிகளின் ஆர்ஏசி 1897இல் ஒரு மோட்டார் கழகமாகப் பிறந்தது. இரண்டாவது வகையான, 1971இல் தோன்றிய கிரீன் ஃபிளாக் போன்றவை, பிரதேச மீட்பு கராஜ்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டு அவர்களை அனுப்புகின்றன. பெரிய நிறுவனங்களும் நெருக்கடியான நாள்களில் ஒப்பந்தக்காரரை அனுப்புவதுண்டு என்பதால், வண்டியின் நிறத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்கும்போது அந்த நிறம்தான் வரும் என்று உறுதியாக நம்பவேண்டாம். உள்ளூர் கராஜ்காரர் வந்தால் அவரிடம் இழுவை வண்டி ஏற்கனவே இருக்கும் என்ற ஒரு நன்மையும் உண்டு; முதலில் சிறிய வான், பிறகு பெரிய வண்டி என்று இரண்டு தடவை காத்திருக்கத் தேவையில்லை.

மூன்றாவது வகை, முதலில் நீங்கள் கட்டிப் பிறகு திரும்பப் பெறுவது. ஒப்பீட்டு இணையத்தளங்களில் ஆக மலிவாகத் தெரிவனவற்றில் சில இந்த வகை. காசு திரும்ப வரத்தான் செய்கிறது. ஆனால் நள்ளிரவில் சில நூறு பவுண்களை அட்டையில் இழுக்கக்கூடிய நிலை இருக்கவேண்டும், பற்றுச்சீட்டைத் தொலைக்காமல் அனுப்பவேண்டும். கையில் சேமிப்பு உள்ளவர்களுக்கு இது நல்ல பேரம் என்றே சொல்வேன். மாணவர்களுக்கும் மாதக் கடைசியில் கணக்கு வற்றிவிடும் குடும்பங்களுக்கும் வேண்டாம்.

விலைக்கு வருவோம். நாடளாவிய மீட்பும் வீட்டு உதவியும் சேர்ந்த கவருக்கு எனக்குக் கிடைத்த விலைகள் 60 பவுணிலிருந்து 190 பவுண்வரை பரந்து கிடந்தன. இதில் 12 சதவீதம் காப்புறுதி வரியும் அடக்கம். இந்தப் பரப்புக்குச் சேவையின் வேறுபாடு ஒரு காரணம்தான், ஆனால் பெரிய காரணம் இந்தத் தொழிலின் ஒரு பழக்கம்: புதியவருக்கு மலிவு, பழையவருக்கு உயர்வு. கார், வீட்டுக் காப்புறுதிகளில் பழைய வாடிக்கையாளரிடம் புதியவரைவிடக் கூடுதலாக வாங்குவதை, நிதி நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் நிதி நடத்தை ஆணையம் (FCA) 2022 ஜனவரி தொடக்கம் தடைசெய்துவிட்டது; தனியாக வாங்கும் பிரேக்டவுன் கவருக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டென்று நினைத்துக்கொண்டு புதுப்பித்தல் கடிதத்தை அப்படியே விட்டுவிடக்கூடாது. அத்தான் பதினோராவது ஆண்டாக ஒரே நிறுவனத்தில் இருக்கிறார். அவருக்கு வந்த கடிதத்தில் 198 பவுண். அதே நிறுவனத்தின் இணையத்தளத்தில் புதியவராக என் பெயரைப் போட்டுப் பார்த்தபோது 104. தொலைபேசியில் அழைத்து இதைச் சொன்னதும் 115க்கு இறங்கினார்கள். பத்து நிமிடப் பேச்சு. பேச வெட்கப்படுகிறவர்கள் தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்திவிட்டு வேறிடம் போகலாம். ஒரே நிறுவனத்தில் தொடர்ந்து இருக்கும் விசுவாசத்துக்குப் பரிசு எதுவும் இல்லை.

வாங்குவதற்கு முன்னர், ஏற்கனவே உங்களிடம் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். புதிய கார்களுக்கு உற்பத்தியாளரே முதல் சில ஆண்டுகளுக்குத் தருவதுண்டு. சில உற்பத்தியாளர்கள் தங்கள் முகவரிடம் சேவைக்கு விடும் ஒவ்வொரு தடவையும் இன்னும் பன்னிரண்டு மாதத்துக்கு நீடிக்கிறார்கள். மாதக் கட்டணம் அறவிடும் வங்கிக் கணக்குகள் சிலவற்றோடும் வருகிறது: நேஷன்வைட் நிறுவனத்தின் ஃபிளெக்ஸ்பிளஸ் கணக்கில் பிரித்தானிய, ஐரோப்பிய பிரேக்டவுன் கவரோடு குடும்பப் பயணக் காப்புறுதியும் கைபேசிக் காப்புறுதியும் இருக்கின்றன. அதன் மாதக் கட்டணம் 2024 டிசம்பரில் 13 பவுணிலிருந்து 18 பவுணாக உயர்ந்தது. ஆண்டுக்கு 216 பவுண். மூன்றையும் பயன்படுத்தும் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும், கார் ஒன்றுக்காக மட்டும் என்றால் கட்டுப்படியாகாது. என் நண்பர் ஒருவர் அந்தக் கணக்கையும் வைத்துக்கொண்டு தனியாகவும் ஒரு கவருக்கு மூன்று ஆண்டுகள் காசு கட்டியிருந்தார்.

விலக்குகளில் எம்மவரை நேரடியாகத் தொடுபவை சில உண்டு. வாடகைக் கார் ஓட்டுபவர்கள், உணவு, பொதி விநியோகம் செய்பவர்கள் சாதாரணக் கவரை நம்பக்கூடாது. கூலிக்கு ஓடும் வாகனங்களை அனேக ஒப்பந்தங்கள் விலக்குகின்றன, அவற்றுக்கென்று தனிக் கவர்கள் இருக்கின்றன. பழைய கார் வைத்திருப்பவர்கள் வயது வரம்பைப் பார்க்கவேண்டும், சில மலிவுக் கவர்கள் பதினைந்து, பதினாறு வயதுக்கு மேற்பட்ட காரை ஏற்பதில்லை. எத்தனை தடவை அழைக்கலாம் என்பதற்கு வரம்பு இருக்கலாம். ஒரே பழுதைத் திருத்தாமல் மறுபடியும் மறுபடியும் அழைத்தால் மறுக்கலாம். பெற்றோலுக்குப் பதில் டீசலை ஊற்றுவது பலவற்றில் அடங்காது. நின்ற பிறகு வாங்கினால் ஒன்றில் செல்லாது அல்லது பெரிய மேலதிகக் கட்டணம் இருக்கும். மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள், மின்னேற்றம் தீர்ந்து நிற்பதும் பழுதாகக் கணக்கிடப்படுமா என்று கேட்டுவைக்கவேண்டும். அந்தக் கார்களைச் சக்கரம் உருளக் கட்டியிழுக்கக்கூடாது, தட்டையான வண்டியில் ஏற்றவேண்டும்.

ரயர் விஷயத்தைத் தனியாகச் சொல்லவேண்டும். இப்போது வரும் கார்கள் பலவற்றில் மேலதிகச் சக்கரமே இல்லை; ஒரு புட்டி பசையும் காற்றடிக்கும் சிறு கருவியும்தான். பக்கவாட்டில் கிழிந்த ரயருக்குப் பசை உதவாது, இழுவைதான் வழி. மேலதிகச் சக்கரம் இல்லாத காரை இழுக்கத் தனிக் கட்டணம் கேட்கும் ஒப்பந்தங்கள் உண்டு. அதேபோல, அலோய் சக்கரங்களின் பூட்டாணிக்குரிய சாவி காரில் இல்லாவிட்டால், வந்தவர் கைகட்டி நிற்பதைத் தவிர வழியில்லை. இதை வாசித்த அன்றே என் காரின் பின்பெட்டியைக் கிளறினேன், சாவி இல்லை. ரயர் மாற்றிய கடைக்காரரின் மேசை லாச்சியில் இருந்தது.

மோட்டர்வேயில் இன்னொரு செலவும் ஒளிந்திருக்கிறது. கார் ஆபத்தான இடத்தில் நின்று, உங்கள் நிறுவனம் வருவதற்கு முன் பொலிஸாரோ நெடுஞ்சாலை அதிகாரிகளோ சட்டப்படி அகற்றினால், இங்கிலாந்தில் சேதமின்றி நிமிர்ந்து நிற்கும் சாதாரணக் காருக்கே 192 பவுண். 2023இல் 150 பவுணிலிருந்து உயர்த்தப்பட்டது. இது உங்கள் கவரில் திரும்பக் கிடைக்குமா என்பதையும் செம்மஞ்சள் பகுதியில் தேடவேண்டும்.

பாரிஸ் பக்கம் காரில் ஓடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் கலியாணச் சாமான் வாங்கவும் லூர்து மாதாவிடம் போகவும் லண்டனிலிருந்து காரிலேயே கிளம்பும் குடும்பங்கள் பல. பிரித்தானியக் கவர் டோவர் துறைமுகத்தோடு முடிந்துவிடும். ஐரோப்பாவுக்குத் தனியாக, அந்தச் சில நாள்களுக்கு மட்டும்கூட, வாங்கலாம். பிரான்ஸின் கட்டண நெடுஞ்சாலைகளில் உங்கள் நிறுவனம் தன் வண்டியை நேரே அனுப்ப முடியாது. சாலையோரச் செம்மஞ்சள் தொலைபேசியில் அழைத்தால் அங்கு அங்கீகாரம் பெற்ற இழுவைக்காரர் வந்து சாலைக்கு வெளியே கொண்டுபோவார், அதற்கு அந்த இடத்தில் காசு கட்டிப் பற்றுச்சீட்டு வாங்கி, பிறகு உங்கள் நிறுவனத்திடம் திரும்பப் பெறவேண்டும். இதை அறியாமல், கவர் இருந்தும் காசு கேட்கிறார்கள் என்று அங்கே சண்டை பிடித்தவர்களின் கதைகளைக் கேட்டிருக்கிறேன்.

நம்பகத்தன்மையை அளப்பதுதான் ஆகக் கடினம். காப்புறுதிகளைத் தரப்படுத்தும் டிஃபாக்டோ நிறுவனத்தின் ஐந்து நட்சத்திரம் என்று பல நிறுவனங்கள் போட்டுக்கொள்கின்றன. அந்த நட்சத்திரம் ஒப்பந்தத்தில் எத்தனை அம்சங்கள் உண்டு என்பதை அளக்கிறது, மழையில் எத்தனை மணி நேரம் நிற்பீர்கள் என்பதை அளக்கவில்லை. வாடிக்கையாளர் விமர்சனங்களில் ஐந்து நட்சத்திரங்கள் பெரும்பாலும் பற்றறிக்கு மின்னூட்டிவிட்டுப் போன நல்ல மனிதரைப் பற்றியவை. நான் இரண்டு, மூன்று நட்சத்திர விமர்சனங்களைத்தான் வாசித்தேன், அதிலும் டிசம்பர், ஜனவரி மாதத்தவற்றை. இழுவை வண்டிக்கான இரண்டாவது காத்திருப்பைப் பற்றிய முறைப்பாடு ஒரு நிறுவனத்துக்கு அடிக்கடி வந்தால் அதை ஒதுக்கினேன். விற்பவரின் பெயரும் பின்னாலுள்ள காப்புறுதியாளரின் பெயரும் வேறாக இருக்கலாம். இரண்டையும் நிதி நடத்தை ஆணையத்தின் பதிவேட்டில் தேடிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். முறைப்பாட்டுக்கு நிறுவனம் எட்டு வாரத்துக்குள் இறுதிப் பதில் தராவிட்டால், அல்லது தந்த பதில் நியாயமற்றதாக இருந்தால் அது கிடைத்து ஆறு மாதத்துக்குள், நிதிக் குறைகேள் அலுவலகத்துக்குக் (Financial Ombudsman) காசின்றிப் போகலாம். நான் போகவில்லை; 10 மைல் என்று எழுதியிருந்ததை வாசிக்காதவனுக்கு அவர்களும் என்ன சொல்ல முடியும்?

இறுதியில், வீட்டு உதவியும் நாடளாவிய மீட்பும் உள்ள, ஏற்றிச்செல்லும் இடத்தை நானே சொல்லக்கூடிய, எங்கள் இருவருக்குமான கவரை 96 பவுணுக்கு எடுத்தேன். பயணத் தொடர்ச்சியை விட்டுவிட்டேன்; வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தால் எங்களுக்கு அது போதும். புதுப்பித்தல் நாளுக்கு மூன்று வாரம் முன்னதாகக் கைபேசியில் நினைவூட்டல் வைத்திருக்கிறேன், சக்கரப் பூட்டுச் சாவி இப்போது கையுறைப் பெட்டிக்குள் கிடக்கிறது. இவ்வருடப் புரட்டாதிக்கும் ரிவிடேல் போவதாக இருக்கிறோம். அம்மா மட்டும் ரயிலில் போனால் என்ன என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.